எல்லைக்காக வழக்காடிய நேசமணி

நாட்டுப்படத்தில் ஒரு கோடு கிழித்தல் எளிது. அக்கோட்டின் இருபுறத்தும் வாழ்வோர்க்கு நீரும் தொழிலும் மொழியும் குறைவின்றிக் கிடைக்குமாறு ஒழுங்கு செய்தலே அரிது. கோடு கிழிக்கும் வழக்கில் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டவர் மார்ஷல் ஏ. நேசமணி அவர்கள். குமரி மாவட்டத்தைத் தமிழகத்தோடு சேர்த்த தலைவர் என்று அவரை யாவரும் அறிவர். ஆனால் அவர் கேட்டது குமரி மட்டுமன்று. தேவிகுளத்தையும் பீருமேட்டையும் கேட்டார். குமரி கிடைத்தது, மலை கிடைக்கவில்லை.

கிடைத்த மண்ணில் பிறந்தோர் அவருடைய வரலாற்றைப் பலவாறு எழுதியுள்ளனர். நான் கிடைக்காத பக்கத்தில் பிறந்தவன். பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டம் என் ஊர்ப்பக்கம். என் தாய்வழி உறவினர் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர். ஆதலின், எல்லைக்கு மேற்கே நின்று பார்க்கும் ஒருவனுக்கு அப்பெரியாரின் வாழ்வு எவ்வாறு தோன்றுகின்றது என்பதை நம் மன்றத்து நண்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

நேசமணி 1895ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியில் பிறந்தார். அவ்வூர் அன்று திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வறண்டு கிடந்த மதுரைச் சீமைக்குத் திருப்பிய அருஞ்செயல் அது. பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் பெயரைத் தேனி மக்கள் இன்றும் தம் பிள்ளைகளுக்குச் சூட்டுகின்றனர். அணைக்கு அடிப்படையான ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே எழுதப்பட்டது. காலம் 999 ஆண்டு; நிலம் 8,000 ஏக்கர்; குத்தகை ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய். நிலம் ஒருவருடையது, நீர் மற்றொருவருடையது என்ற விந்தையான உறவு இவ்வாறு தொடங்கியது.

மலைமேல் மற்றோர் உறவும் வளர்ந்துகொண்டிருந்தது. 1877இல் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை மன்றோ என்னும் ஆங்கிலேயர் பெற்றார். காடு தேயிலைத் தோட்டமாயிற்று. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் மலையேறின. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் அரிசியும் ஆளும் மேலே சென்றன. ஏலமும் தேயிலையும் கீழே இறங்கின. அரசு ஒன்று, அடுப்பு எரிவது மற்றொன்றால் என்பது அம்மக்களின் நிலை. பின்னர் எழுந்த வழக்குகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் உள்ளது.

நேசமணி திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று நாகர்கோவிலில் வழக்கறிஞரானார். அன்று நீதிமன்றத்துக்குள்ளும் சாதி குடியிருந்தது. மேற்குலத்து வழக்கறிஞர்க்கு நாற்காலி, மற்றையோர்க்கு முக்காலி. குடிக்கும் தண்ணீர்ப் பானையிலும் வேற்றுமை. இளைஞர் நேசமணி முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார் என்று அவர் வரலாறு கூறுவோர் தவறாது சொல்வர். உரிமையைக் கெஞ்சிப் பெறுவது அவர் இயல்பன்று. ஆயினும் அதைச் சட்டம் நிற்கும் இடத்திலேயே நின்று கேட்பார். இவ்விரு குணங்களையும் அவருடைய அரசியல் முழுவதிலும் காணலாம்.

1945இல் தென்திருவிதாங்கூர்த் தமிழர்க்கென ஓர் அமைப்புத் தோன்றியது. விரைவில் நேசமணி அதன் தலைமையை ஏற்க, திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற பெயரில் அது வலுப்பெற்றது. தமிழ் வழங்கும் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கவேண்டும் என்பதே அதன் கோரிக்கை. 1949 சூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. புதிய இராச்சியத்தில் தமிழர் மேலும் சிறுபான்மையினர் ஆயினர்.

ஆனால் எண்ணிக்கையில் சிறியோர் வாக்குச் சீட்டால் எவ்வளவு செய்யக்கூடும் என்பதை நேசமணி காட்டினார். 1952 தேர்தலில் அவர் கட்சி சட்டமன்றத்தில் 8 இடங்களைப் பெற்றது. அவரே நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளரும் அவர் கட்சியாரைத் தேர்ந்தெடுத்தனர். ஏ. ஜே. ஜான் அமைச்சரவை அந்த எட்டுப் பேரின் ஆதரவில் நின்றது; மொழிவழிக் கோரிக்கைக்கு இசைவு கிட்டாமையால் அவர்கள் விலகவே, 1953இல் அது வீழ்ந்தது. 1954 தேர்தலில் கட்சி 12 இடங்களாக வளர்ந்தது.

பின்னர் வந்தது பட்டம் தாணுப்பிள்ளை அவர்களின் அமைச்சரவை. அவ்வாண்டில்தான் போராட்டம் மலைக்கு ஏறியது. தேவிகுளம், பீருமேட்டுத் தமிழ்த் தொழிலாளர்க்காக நேசமணியும் அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதனும் தடையை மீறி மூணாற்றில் கைதாயினர். அச்செய்தி குமரியில் தீயாகப் பரவியது. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது, உயிர்கள் பலியாயின. மலையில் கொழுந்து பறிப்பவனுக்காகக் கடற்கரைப்பக்கத்து ஏழை மாண்டான் என்பதை நாம் மறத்தலாகாது. மக்களாட்சி அரசு தன் மக்களையே சுடலாமா என்ற வினா வடநாடுவரை எட்டியது. பட்டத்தின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்குப் பொதுச்செயலாளராயிருந்த ராம் மனோகர் லோகியா, தம் கட்சி முதலமைச்சரே பதவி விலகவேண்டும் என்றார். பட்டம் விலகவில்லை, கட்சி பிளவுக்கு ஆளாயிற்று.

இதற்கிடையே, 1953 டிசம்பரில் பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவரைக்கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டிருந்தது. 1955 செப்டம்பர் 30இல் அதன் அறிக்கை வந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு எனப் பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீருமேடும் தரப்படவில்லை.

மறுப்புக்கு ஆணையம் கூறிய காரணங்களை மாணவர்கள் ஊன்றி நோக்கவேண்டும். அங்கே தமிழர் மிகுதி என்பதை அது மறுக்கவில்லை. அவர்களுட் பலர் தோட்டத்துக்கு வந்துபோகும் தொழிலாளர். ஆதலால் அவர்களைக் கொண்டு நிலத்தின் மொழியை முடிவு செய்தல் இயலாது என்றது. தேயிலையும் ஏலமும் விளையும் அம்மலை திருவிதாங்கூர்-கொச்சியின் பொருள் வாழ்வுக்கு இன்றியமையாதது என்றது. பள்ளிவாசலில் 1940இலேயே மின்னாற்றல் நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த சமவெளியார்க்குக் குடியேற வேறு இடமும் இல்லை. மலையாளிகளின் பக்கத்தில் நின்று பார்த்தால் இக்காரணங்கள் பொருளற்றவை எனத் தள்ளிவிட முடியாது. ஆயினும், மூன்று தலைமுறை ஓரிடத்தில் உழைத்து அங்கேயே மண்ணாகிப்போனவனை வந்துபோகிறவன் என்று ஏட்டில் எழுதியது எங்கள் மலைமக்கள் நெஞ்சில் தைத்த முள். அது இன்னும் முழுதும் எடுக்கப்படவில்லை.

1956 நவம்பர் முதல் நாள் கோடு விழுந்தது. நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகம் சேர்ந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தது. அன்றே, அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த மலபார் மாவட்டம் கேரளத்தோடு சேர்ந்தது. அதனுடன் பாலக்காடும் போயிற்று. கொச்சியைச் சேர்ந்திருந்த சித்தூரின் கிழக்கு ஊர்களும் கேரளத்திலேயே நின்றன. நாகர்கோவிலில் வெற்றி விழா. கொழிஞ்சாம்பாறையில் விழாவும் இல்லை, அழுகையும் இல்லை. மறுநாளும் பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டி போயிற்று என்று எங்கள் ஊர் முதியோர் கூறக் கேட்டிருக்கிறேன்.

அதன்பின் நேசமணியின் கட்சி தன் பணி முடிந்ததெனக் காங்கிரசில் கலந்தது. அவர் 1957இல் கிள்ளியூரிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கும், 1962, 1967 ஆகிய ஆண்டுகளில் நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் சென்றார். 1968 சூன் முதல் நாள் மறைந்தார். அவ்விடத்துக்கு 1969இல் நடந்த இடைத்தேர்தலில் காமராசர் வென்றார்.

இங்கே ஒன்றை மறைக்காது கூறவேண்டும். குமரிக்குக் கட்சியின் பணி முடிந்தது; மலைக்கு முடியவில்லை. தங்களுக்காகச் சட்டமன்றத்தில் பேசிய கட்சி ஒரே நாளில் எல்லைக்கு அப்பால் போய்விட்டதை மலைமக்கள் கண்டனர். இதனை நேசமணியின் குற்றம் என்று நான் கூறேன். வழக்கில் பாதி தோற்ற வழக்கறிஞன் தீர்ப்பை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் தோற்ற பாதியில் இருந்தோர்க்கு அடுத்த வழக்கறிஞன் யார் என்ற வினாவுக்கு அவர் காலத்தில் விடை பிறக்கவில்லை.

விடையின் ஒரு பகுதி சட்டத்திலேயே இருந்தது. எல்லைகளை மாற்றிய அதே 1956இல், அரசியலமைப்பின் ஏழாவது திருத்தம் இரண்டு புதிய உறுப்புகளைச் சேர்த்தது. 350அ, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 350ஆ, அவர்கள் நலம் காண ஒரு தனி அலுவலரை அமைக்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் மறுமொழி பெறவும் உரிமை தந்தது. 2021இல் தேவிகுளம் தொகுதி உறுப்பினர் திருவனந்தபுரத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றபோது, மலை மீண்டும் தன் குரலில் பேசியது. நிலம் கிடைக்காதவர்க்குச் சட்டம் தந்த ஈடு இது. ஈடு என்பது கேட்டு வாங்கினால்தான் கைக்கு வரும்.

நீரின் கதையும் அவ்வாறே. 1970 மே 29ஆம் நாள் இரு மாநிலங்களும் பெரியாற்று ஒப்பந்தத்தைத் திருத்தின. குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. தமிழகம் மின்சாரம் எடுக்கவும் கட்டணத்துடன் இசைவு பெற்றது. அதே நாளில் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் உள்ளது, இயக்குவது தமிழகம். அதற்கு மாறாக ஆண்டுதோறும் மணக்கடவு வழியே 7.25 டி.எம்.சி. நீர் சித்தூருக்கு வரவேண்டும். எங்கள் வயலில் நெல் விளைவது அந்த எண்ணை நம்பித்தான். கடலாடி வரும் மழை பொய்த்த ஆண்டில் அவ்வெண்ணுக்காக இருபுறத்து உழவரும் சினப்பர். முல்லைப் பெரியாற்றில் அணையின் உறுதி பற்றி எழுந்த அச்சம் உச்சநீதிமன்றம் சென்றது. 2014 மே 7இல் நீர்மட்டம் 142 அடி எனத் தீர்ப்பாயிற்று. கீழ்க்கரையில் உறங்கும் இடுக்கிக்காரனின் அச்சமும் மெய். நீரின்றி வாடும் தேனிக்காரனின் தேவையும் மெய். இரண்டையும் எடைபோட ஒரு மன்றம் இருப்பதே நாம் பெற்ற பேறு.

அப்பேறு இல்லாத நாட்டை எண்ணிப் பாருங்கள். நேசமணி கட்சி நடத்திய அதே ஆண்டுகளில் கொரியா ஒரு மொழி பேசும் ஒரே மக்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. 1950இல் போர் மூண்டது. 1953 சூலை 27இல் போர் நிறுத்தம் வந்தது. சமாதான உடன்படிக்கை இன்றுவரை வரவில்லை. பிரிந்த தாயும் பிள்ளையும் கடிதமும் எழுதமுடியாது முதுமையடைந்தனர். 2004இல் இருவரும் சேர்ந்து தொழில் நடத்தக் கேசோங்கில் ஒரு வளாகம் திறந்தனர். அரசியல் கசந்தவுடன் 2016இல் அது மூடப்பட்டது. அவர்களுக்கு இருபுறமும் கட்டுப்படும் நீதிமன்றம் இல்லை, பொதுவான வாக்குச் சீட்டு இல்லை. எங்கள் எல்லையிலோ வாளையாற்றிலும் குமுளியிலும் போடிமெட்டிலும் பேருந்து நாள்தோறும் கடக்கிறது. பெண் கொடுக்கிறோம், பெண் எடுக்கிறோம். சண்டை வந்தால் வழக்குத் தொடுக்கிறோம்.

நேசமணியின் வாழ்விலிருந்து நான் கற்றது இதுவே. அவருடைய இயக்கத்தில் சினம் இருந்தது, சிறை இருந்தது, குருதியும் சிந்தியது. எனினும் அது இறுதிவரை வாக்குச் சாவடிக்கும் சட்டமன்றத்துக்கும் ஆணையத்துக்கும் முன்னேதான் தன் வழக்கை வைத்தது. அதனால்தான் கோடு விழுந்த மறுநாள் இருபுறத்தாரும் அண்டை வீட்டாராக வாழ முடிந்தது.

மன்றத்து நண்பர்களே! அவருக்கு மாலை சூட்டுவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. எல்லைப்புறத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால் அதனைக் கேட்டு எழுதத் தெரிந்தவர் வேண்டும். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்தவர் வேண்டும். மலையாளமும் தமிழும் ஒருங்கே கற்று, இருபுறத்து உழவனுக்கும் மற்றவன் வாதத்தை எடுத்துரைக்க வல்லவர் வேண்டும். தோற்ற பாதிக்கு அடுத்த வழக்கறிஞன் யார் என்று கேட்டேன் அன்றோ? அவ்விடம் இன்னும் வெற்றிடமாகவே இருக்கின்றது. சட்டம் பயில்வோரும் பொறியியல் பயில்வோரும் இம்மன்றத்தில் பலர் இருக்கின்றனர்.