ட்ரூமன் கேட்ட கணக்கு

கான்சாஸ் நகரில் கூட்டாளியுடன் நடத்திய ஆடைக்கடை 1922இல் நொடித்தபோது, திவால் மனு கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் கடனை அடைத்தவர் ஹாரி ட்ரூமன். அமெரிக்க அதிபரான பின்னும் அந்தச் சிக்கனம் அகலவில்லை. ஆண்டுப் பாதுகாப்புச் செலவைச் சுமார் 1,300 கோடி டாலரில் நிறுத்தவே முயன்றார்.

சோவியத் ஒன்றியத்தை எதிர்கொள்ளப் பெரும் படைபலம் கோரிய என்எஸ்சி-68 என்னும் இரகசிய ஆவணம் 1950 ஏப்ரலில் அவரிடம் வந்தது. பொருளியல் ஆசிரியனான நான் அதில் முதலில் தேடியது தொகையைத்தான். இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். என் பார்வையில், அந்த ஆவணம் வெளிப்படுத்தும் கொள்கையே அந்த வெற்றிடம்தான். ட்ரூமனும் செலவைக் கேட்டார், ஒப்புதலைத் தள்ளிவைத்தார். ஜூனில் கொரியப் போர் மூண்டது; செப்டம்பரில் இசைந்தார். செலவு சில ஆண்டுகளில் மும்மடங்கைத் தாண்டியது. வரி செலுத்திய குடிமக்கள் ஆவணத்தைப் படிக்க 1975 வரை காத்திருந்தனர்; அப்போது ட்ரூமன் உயிரோடு இல்லை.