திரையில் ஒலித்த மென்குரல்

நுழையும்முன்

சென்னையின் வடகோடியில், மணலித் தொழிற்சாலைகளுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் அருகே, தாழ்ந்த நிலத்தில் அமைந்த ஊர் சடையங்குப்பம். கொசஸ்தலையாறு பெருகும் ஆண்டுகளில் வெள்ளம் இவ்வூரைச் சூழ்வது வழக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. கருமை படிந்த படகுகளையும் வலைகளையும், இறகுகள் ஒட்டிக்கொண்டு பறக்க இயலாமல் நின்ற கூழைக்கடாக்களையும் தமிழ்நாடு தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்தது. தொலைக்காட்சிச் செய்திகளும் கைப்பேசிக் காணொலிகளும் இல்லையெனில், அந்தக் கரிய நீர் அக்கரையோர மீனவர்களின் தனித் துயரமாகவே முடிந்திருக்கும். சூழல் மாசு என்பதைப் பார்வையாளர்களின் இல்லத்துக்குள் கொண்டுசேர்த்த தொடக்ககால நிகழ்ச்சிகளுள் மிகப் பெரியது 1963இல் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. அதன் நடுவில் அமர்ந்திருந்தவர் ரேச்சல் கார்சன் என்னும் உயிரியலாளர். அவருடைய வாழ்க்கையே இப்பாடம்.

ஆற்றங்கரைச் சிறுமி

ரேச்சல் லூயிஸ் கார்சன் 1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். மூன்று குழந்தைகளில் அவரே இளையவர். அலகெனி ஆற்றங்கரையில் இருந்த அவ்வூரில் விலங்குகளின் உடலிலிருந்து பசை காய்ச்சும் ஆலை ஒன்று இருந்தது. அதன் நாற்றம் ஊரெங்கும் வீசும். பின்னர் ஆற்றின் ஓரமாக மின்நிலையங்களும் எழுந்தன. தோப்பும் பறவைகளும் ஒருபுறம், புகைபோக்கிகள் மறுபுறம் என்று வளர்ந்த அச்சிறுமியின் இளமையை மணலியிலும் எண்ணூரிலும் வாழும் மாணவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தாய் மரியா அவரை நாள்தோறும் காட்டுக்கும் ஓடைக்கும் அழைத்துச் சென்றார். பறவையின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதோடு நில்லாமல், அது எங்கே கூடு கட்டுகிறது, எதை உண்கிறது என்று நின்று பார்க்கப் பழக்கினார். பதினொரு வயதில் ரேச்சல் எழுதிய கதை சிறுவர் இதழொன்றில் வெளிவந்தது. எழுத்தாளராவதே தம் வழி என்று முடிவு செய்து ஆங்கில இலக்கியம் பயிலக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய கட்டணத்துக்காகக் குடும்பம் பட்ட பாடு சிறிதன்று. அக்கல்லூரியில் மேரி ஸ்காட் ஸ்கிங்கர் என்னும் ஆசிரியை நடத்திய உயிரியல் வகுப்பு அவர் முடிவை மாற்றியது. இலக்கியத்தை விட்டு அறிவியலுக்கு மாறினார். எழுத்தைக் கைவிட்டதாக அப்போது வருந்தினார். எழுதுவதற்கான பொருளைத் தாம் கண்டடைந்ததைப் பின்னரே உணர்ந்தார்.

1929இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டுக் கோடையில் உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குச் சென்றபோதுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 22. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1932இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்ட ஆய்வைத் தொடரக் குடும்ப வறுமை இடம்தரவில்லை. 1935இல் தந்தை இறந்தார். வீட்டின் பொறுப்பு அவர்மேல் வந்தது.

ஏழு நிமிட வானொலி

அரசின் மீன்வளப் பணியகத்துக்கு அப்போது ஓர் இடர் இருந்தது. கடல்வாழ் உயிர்களைப் பற்றி ஐம்பத்திரண்டு வானொலி நிகழ்ச்சிகள் வழங்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். பணியகத்தின் அறிவியலாளர்களுக்கு மீனைத் தெரியும், கேட்பவரைத் தெரியாது. வானொலி எழுத்தாளர்களுக்கோ கேட்பவரைத் தெரியும், மீனைத் தெரியாது. இரண்டையும் அறிந்த கார்சனிடம் அப்பணி வந்தது. பகுதிநேர ஊதியத்துக்காக ஏற்றுக்கொண்ட அவ்வேலை, அறியாத மனிதரின் காதுக்கு அறிவியலை எவ்வாறு கொண்டுசெல்வது என்பதை அவருக்குக் கற்பித்தது.

அவ்வுரைகளுக்கு ஒரு முன்னுரை எழுதித் தருமாறு மேலாளர் எல்மர் ஹிக்கின்ஸ் கேட்டார். எழுதி வந்ததைப் படித்தவர், இஃது அரசு வெளியீட்டுக்கு ஏற்றதன்று, புகழ்பெற்ற இதழுக்கு அனுப்புங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலையில் கிடைத்த இந்த மறுப்பே அவரை எழுத்தாளராக்கியது. அக்கட்டுரை 1937இல் அட்லாண்டிக் மாத இதழில் வெளியானது. அதற்கு முன்பே, 1936இல், குடிமைப்பணித் தேர்வில் சிறந்து பணியகத்தில் நிலையான பதவியும் பெற்றிருந்தார்.

1941இல் வந்த அவரது முதல் நூல் போரின் இரைச்சலில் கவனிக்கப்படாமல் போயிற்று. 1951இல் வெளிவந்த 'நம்மைச் சூழ்ந்த கடல்' அந்தக் குறையைத் தீர்த்தது. 86 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்று, தேசியப் புத்தக விருதையும் பெற்றது. எழுத்தின் வருவாய் போதுமென்ற நிலை வந்ததும் 1952இல் அரசுப் பணியிலிருந்து விலகினார்.

அந்நூல் ஆவணப்படமானது, ஆஸ்கர் விருதையும் வென்றது. ஆயினும் திரைக்கதையைப் படித்த கார்சன் மனம் நொந்தார். அறிவியல் பிழைகளும் மலிவான பரபரப்பும் அதில் மிகுந்திருப்பதாகக் கருதினார். திருத்தங்களைச் சுட்டிக்காட்டினாலும் படத்தைக் கட்டுப்படுத்தும் உரிமை அவரிடம் இல்லை. அதன்பின் தம் நூல் எதன் திரைப்பட உரிமையையும் அவர் விற்கவில்லை. காட்சி ஊடகத்தின் ஆற்றலை வியப்போர் அதன் இந்த முகத்தையும் அறிந்திருக்க வேண்டும். இருப்பினும் அவர் திரையை முற்றிலும் வெறுத்துவிடவில்லை. 1956இல் மேகங்களைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அவரே உரை எழுதிக் கொடுத்தார்.

பறவைகள் இல்லாத இளவேனில்

டி.டி.டி. என்னும் வேதிப்பொருளுக்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பதை 1939இல் பால் முல்லர் கண்டறிந்தார். போர்க்காலத்தில் படைவீரர்களையும் அகதிகளையும் பேன் பரப்பும் காய்ச்சலிலிருந்து அது காத்தது. முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவிலும் 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வீடுதோறும் டி.டி.டி.யைத் தெளித்துப் பல உயிர்களைக் காத்தது. அதை நஞ்சு என்ற ஒரு சொல்லால் கடந்துவிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. போர் முடிந்தபின் அதே பொருளை விமானங்களில் ஏற்றி வயல், காடு, குடியிருப்பு என்று வேறுபாடின்றிக் கொட்டியதே சிக்கலின் தொடக்கம்.

1958 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து ஓல்கா ஓவன்ஸ் ஹக்கின்ஸ் என்னும் தோழியின் கடிதம் கார்சனுக்கு வந்தது. கொசுக்களை ஒழிக்க விமானம் மருந்து தெளித்துச் சென்றபின், தாம் காத்துவந்த பறவைகள் வீட்டு முற்றத்திலேயே செத்து விழுந்ததாக அவர் எழுதியிருந்தார். இப்பொருள் பற்றி 1945இலேயே கட்டுரை எழுத முன்வந்து ஓர் இதழால் மறுக்கப்பட்டவர் கார்சன். இம்முறை வேறு யாரேனும் எழுதட்டும் என்று முதலில் எண்ணினார், எழுதுவார் இல்லை. அடுத்த நான்காண்டுகள் அதற்கே கழிந்தன.

அவர் திரட்டிய செய்திகளுள் ஒன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் நிகழ்ந்தது. அங்கிருந்த எல்ம் மரங்களை நோயிலிருந்து காக்க டி.டி.டி. தெளித்தார்கள். இலையில் படிந்த மருந்து, இலை உதிர்ந்தபின் மண்ணுக்கு வந்தது. மட்கிய இலையை மண்புழு தின்றது. மருந்து புழுவைக் கொல்லவில்லை. அதன் உடலில் தங்கியது. இளவேனிலில் திரும்பி வந்த ராபின் பறவை அப்புழுக்களைக் கொத்தித் தின்றது. பெரிய மண்புழுக்கள் பதினொன்றைத் தின்றால் ஒரு ராபின் இறப்பதற்குப் போதும். சில நிமிடங்களில் அப்பறவை தின்னும் அளவுதான் அது. மரத்துக்கு இட்ட மருந்து பறவையைக் கொன்றது இவ்வாறே. உணவுச்சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் நஞ்சின் செறிவு பெருகுவதை இன்று பாடநூல்களில் எளிதாகப் படிக்கிறோம். அன்று அதைப் பொதுமக்களுக்குப் புரியும் மொழியில் எடுத்துரைக்க ஒருவர் தேவைப்பட்டார்.

இவ்வாண்டுகளில் அவர் வீட்டிலும் நிம்மதி இல்லை. 1957இல் இறந்துபோன அக்காள் மகளின் ஐந்து வயது மகன் ரோஜரைத் தத்தெடுத்து வளர்த்துவந்தார். 1958 முடிவில் தாயும் மறைந்தார். 1960இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதை வெளியில் சொல்லவேண்டாமென்று நெருங்கியவர்களைக் கேட்டுக்கொண்டார். நோயின் கசப்பால் எழுதுகிறார் என்று எதிர்ப்பாளர்கள் திரித்துவிடுவார்கள் என்பதே அவர் அச்சம்.

'மௌன வசந்தம்' 1962 ஜூனில் நியூயார்க்கர் இதழில் தொடராகவும், செப்டம்பர் 27 அன்று நூலாகவும் வெளிவந்தது. பனியில் உறைந்த நாட்டில் இளவேனில் பறவைகளின் பாட்டோடுதான் வரும். அது மௌனமாக வருமென்றால் எப்படி என்பதே தலைப்பின் பொருள். குயில் கூவாத சித்திரை மாதத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம். நூலின் இறுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களுக்குச் சான்றுப் பட்டியல் இருந்தது. வேதிப்பொருள் நிறுவனங்கள் வழக்குத் தொடுப்பதாக மிரட்டின. கேலிப் பிரசுரங்களை வெளியிட்டன. அவரை உணர்ச்சிவயப்பட்ட பெண் என்று இகழ்ந்தன. பூச்சிக்கொல்லிகள் அனைத்தையும் தடை செய்யவேண்டும் என்று அவர் எழுதவே இல்லை. கண்மூடித்தனமாகவும் மக்களுக்குத் தெரிவிக்காமலும் பயன்படுத்துவதையே எதிர்த்தார். ஆனால் மறுத்தவர்களுள் பலர் அவர் எழுதாததையே மறுத்துக்கொண்டிருந்தனர்.

ஒரு மணி நேரம்

நூலைப் படித்தவர்கள் பல இலட்சம். படிக்காதவர்கள் பல கோடி. இந்த இடைவெளியைத் தொலைக்காட்சி நிரப்பியது. சி.பி.எஸ். நிறுவனம் தன் புகழ்பெற்ற செய்தித் தொடரில் ஒரு மணி நேர நிகழ்ச்சியை உருவாக்கியது. படக்குழு மேரிலாந்தில் இருந்த கார்சனின் வீட்டுக்கே வந்து அவரைப் பேட்டி கண்டது. கதிர்வீச்சுச் சிகிச்சையால் தளர்ந்திருந்த அவர், பொய்முடி அணிந்து ஒளிப்படக்கருவியின் முன் அமர்ந்தார்.

ஒளிபரப்புக்குச் சில நாள்களே இருந்தபோது, விளம்பரம் தர ஒப்புக்கொண்டிருந்த ஐந்து நிறுவனங்களுள் மூன்று விலகிக்கொண்டன. வருவாய் இழப்பைப் பொருட்படுத்தாமல் சி.பி.எஸ். 1963 ஏப்ரல் 3, புதன்கிழமை இரவில் அந்நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. செய்தியாளர் எரிக் செவரைட் தொகுத்து வழங்கினார்.

நிகழ்ச்சி இருதரப்புக்கும் இடமளித்தது. வேதித்தொழில் தரப்பில் ராபர்ட் வைட்-ஸ்டீவன்ஸ் என்னும் அறிவியலாளர் வெள்ளை ஆய்வக மேலங்கியோடு தோன்றினார். கார்சனின் பேச்சைக் கேட்டால் பூச்சியும் நோயும் உலகை ஆளும் இருண்ட காலம் திரும்பும் என்று உரத்த குரலில் எச்சரித்தார். மறுபக்கம் கார்சன் தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்து, தம் நூலின் பகுதிகளைத் தாழ்ந்த குரலில் படித்தார். கேள்விகளுக்கு அளந்து விடை சொன்னார். இயற்கையை வெல்ல நினைக்கும் மனிதன் தானும் அதன் ஒரு பகுதி என்பதை மறந்துவிடுகிறான் என்பதே அவர் உரையின் சாரம். ஆவேசக்காரி ஒருவரை எதிர்பார்த்திருந்த பார்வையாளர்கள், அமைதியான ஓர் அறிஞரைக் கண்டனர். பதற்றம் யாரிடம் இருந்தது என்பதை அவர்களே ஒப்பிட்டுக்கொண்டனர். அச்சுப் பக்கத்தில் நிகழ முடியாத ஒப்பீடு இது.

அதைவிடவும் ஆழமாகப் பதிந்தது அரசு அதிகாரிகளின் பேட்டி. இம்மருந்துகள் உடலில் எவ்வளவு காலம் தங்கும், பல ஆண்டுகளுக்குப் பின் என்ன செய்யும் என்று கேட்கப்பட்டபோது, தெரியாது என்பதே அவர்களின் விடையாகத் திரும்பத் திரும்ப வந்தது. தெரியாத ஒன்றைத்தான் தம் வீட்டின்மேலும் தெளித்தார்கள் என்பது பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்கு விளங்கியது. அந்த இரவில் ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடிப் பேர் வரை நிகழ்ச்சியைப் பார்த்ததாக மதிப்பிட்டார்கள்.

ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தைத் தொலைக்காட்சியின் வெற்றி என்று மட்டும் கொள்வது பிழை. அதன் பின்னால் நான்காண்டுச் சான்றுகள் இருந்தன. அவை இல்லாதிருந்தால் வெள்ளை மேலங்கியின் உரத்த குரலே வென்றிருக்கும்.

மே 15 அன்று அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு, பூச்சிக்கொல்லிகள் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. கார்சனின் கவலைகளை அது பெரிதும் ஏற்றுக்கொண்டது. அதையொட்டிச் சி.பி.எஸ். மற்றொரு நிகழ்ச்சியையும் ஒளிபரப்பியது. ஜூன் 4 அன்று செனட்டர் ஆபிரகாம் ரிபிகாஃப் நடத்திய விசாரணையில் கார்சன் நேரில் சான்றளித்தார். தம் வீட்டில் பிறர் நஞ்சு தெளிப்பதிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று வாதிட்டார். நோய் முற்றிய நிலையில் நெடுநேரம் பேசுவதே அவருக்கு அரிதாக இருந்தது. அங்கிருந்தோர் பெரும்பாலோர் அதை அறியவில்லை.

1964 ஏப்ரல் 14 அன்று, 56ஆம் வயதில், ரேச்சல் கார்சன் காலமானார். அவருடைய சாம்பலில் ஒரு பகுதி, அவர் கோடைகளைக் கழித்த மெயின் மாநிலத்துக் கடற்கரையில் தூவப்பட்டது.

பின்னர்

அமெரிக்காவில் 1970இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அமைந்தது. 1972இல் அது டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. இந்தியா 1989இல் வேளாண்மையில் அதன் பயன்பாட்டை விலக்கி, நோய்பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் அனுமதித்தது. கார்சன் கேட்டதற்கு அம்முடிவு நெருங்கியதே.

காட்சி ஊடகத்தின் பொறுப்பை நம் நாட்டில் நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றிய படவில்லைகளைக் கட்டணமின்றிக் காட்ட வேண்டும். தூர்தர்ஷனும் வானொலியும் நாள்தோறும் சில நிமிடங்களும் வாரந்தோறும் சற்று நீண்ட நிகழ்ச்சியும் இதற்கென ஒதுக்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி.