அவசர குடல் ஆபரேஷனில் வரும் ‘ஹார்ட்மன்’ யார்? ஏன் வயிற்றில் பை வைக்கிறார்கள்?

பெருங்குடலில் அடைப்பு, அல்லது ஓட்டை. உடனே ஆபரேஷன் பண்ணியாகணும். பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ வயிறு உப்பிப்போன அப்பாவையோ ஆயாவையோ ராத்திரியில் கோரிமேடு ஜிப்மருக்குத் தூக்கிவரும் குடும்பத்துக்கு இந்தத் தகவல் சில நிமிடங்களில் சொல்லப்படும். கூடவே ஒரு பெயரும் காதில் விழலாம்: ஹார்ட்மன்ஸ் ஆபரேஷன். வயிற்றில் மலப் பை ஒட்டப்படும் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைக்க வேண்டியதுதானே, பை எதற்கு? பதில் 100 வருஷத்துக்கு முந்தைய ஒரு பிரெஞ்சு சர்ஜனிடம் இருக்கிறது.

பாரிஸ் டாக்டர்

ஹென்றி ஹார்ட்மன் 1860 ஜூன் 16 அன்று பாரிஸில் பிறந்தார். பிரெஞ்சு உச்சரிப்பில் ஆன்றி ஆர்ட்மன். கிருமி அண்டாத ஆபரேஷன் முறையை பிரான்ஸில் பரப்பியவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் டெரியேதான் அவருக்கு குரு. பின்னாளில் பாரிஸின் மிகப் பழைய மருத்துவமனையான ஒட்டல் தியேவில் அறுவை சிகிச்சைப் பிரிவை நடத்தினார். ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகக் குறிப்பு எழுதி வைப்பது அவர் வழக்கம். வாழ்நாளில் 30,000 ஆபரேஷன் என்பது அவரே சொன்ன கணக்கு. கொஞ்சம் கூடுதலோ என்று தோன்றலாம். ஆனால் குறிப்பேடு வைத்திருந்த மனிதர்.

அப்போது மலக்குடல் புற்றுநோய்க்குப் பிரபலமாக இருந்தது இங்கிலாந்தின் எர்னஸ்ட் மைல்ஸ் 1908இல் சொன்ன முறை. வயிற்றைத் திறந்து, கீழே ஆசனவாய்ப் பக்கமும் வெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். பெரிய ஆபரேஷன். நிறைய பேர் பிழைக்கவில்லை.

1921இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் நடந்த பிரெஞ்சு சர்ஜன்கள் மாநாட்டில் ஹார்ட்மன் இரண்டே நோயாளிகளைப் பற்றிப் பேசினார். இருவருக்கும் பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டில் புற்றுநோய், அதனால் அடைப்பு. முதலில் குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டு அடைப்பைத் தணித்தார். உடம்பு தேறியதும் வயிறு வழியாகவே கட்டியை எடுத்தார். கீழே மிஞ்சிய மலக்குடலின் வாயைத் தைத்து மூடி, உள்ளேயே விட்டுவிட்டார். இரண்டு முனைகளையும் இணைக்கவே இல்லை.

சேர்க்காததுதான் விஷயம். வீங்கி, சீழ் பிடித்து, ரத்த ஓட்டம் குறைந்த குடலில் தையல் நிற்காது. தையல் விட்டுப்போனால் மலம் வயிற்றுக்குள் கசியும், கிருமி ரத்தத்தில் கலக்கும். 1921இல் ஆன்டிபயாடிக் கிடையாது. பென்சிலினே 1928இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஐசியூவும் இல்லை. தையலே இல்லாத இடத்தில் கசிவு எங்கிருந்து வரும்? 1931இல் வந்த மலக்குடல் அறுவை சிகிச்சை நூலில் 34 பேருக்கு இப்படிச் செய்ததில் 3 பேர்தான் இறந்ததாகக் கணக்குக் காட்டினார். அந்தக் காலத்துக்கு இது பெரிய சாதனை.

பையை எடுத்துவிட்டுக் குடலைத் திரும்ப இணைக்கும் யோசனை அவருக்கு இருக்கவில்லை. அவர் பார்வையில் அது ஆயுள் முழுக்க இருக்கும் ஏற்பாடு. ஓட்டை விழுந்த குடலுக்கான அவசர சிகிச்சையாக அவர் பெயர் பரவியதும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

1952 ஜனவரி 1 அன்று, 91 வயதில் ஹார்ட்மன் இறந்தார். அன்றைக்கு வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தன. ‘கொம்யூன்’ என்ற சொல் இன்னும் இங்கே புழங்குவது அதனால்தான். ஜிப்மரின் வேரும் 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான்.

இப்போது என்ன செய்கிறார்கள்?

ரத்த அழுத்தம் விழுந்து, வயிறு முழுக்க மலம் பரவிய நோயாளிக்கு ஹார்ட்மன் முறை இன்றும் முக்கியமான தேர்வு. நிலைமை கட்டுக்குள் இருந்தால் கதை வேறு. குடலை உடனே இணைத்து, அதைப் பாதுகாக்கச் சிறுகுடலில் தற்காலிகப் பை வைக்கலாம். பெல்ஜியம், இத்தாலி, நெதர்லாந்து மருத்துவமனைகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, குடல் சுவரில் உருவான சிறு பைகள் அழற்சியாகி ஓட்டை விழுந்தவர்களில், நிலைமை சீராக இருந்தவர்களை மட்டும் பார்த்தது. ஒரு வருஷம் கழித்து உயிரோடும் பை இல்லாமலும் இருந்தவர்கள், குடலை இணைத்த குழுவில் 100க்கு சுமார் 95 பேர். ஹார்ட்மன் குழுவில் சுமார் 72. வலப்பக்கப் பெருங்குடலில் பிரச்சினை என்றால் பல நேரம் நேரடியாகவே இணைத்துவிடுவார்கள். புற்றுநோய் அடைப்பில் சிலருக்கு ஸ்டென்ட் வைத்து, அவசரத்தைத் தணித்துவிட்டுப் பிறகு ஆபரேஷனுக்குப் போவதும் உண்டு.

ஹார்ட்மன் பையை எடுக்க வேண்டுமென்றால் சில மாதங்கள் கழித்து இன்னொரு பெரிய ஆபரேஷன். வயது, இதய நோய், பயம், செலவு என்று ஏதோ ஒன்றால் பலர் அதற்கு வருவதே இல்லை. குடலை இப்போதே இணைக்க முடியாதது எதனால், பையை எப்போது எடுக்கலாம் என்று கையெழுத்துப் போடும்போதே டியூட்டி சர்ஜனிடம் கேட்கலாம். அதற்கு இரண்டு நிமிடம் போதும். ஊரிலிருந்து மாமா வரட்டும் என்று விடியும்வரை காத்திருக்க மட்டும் ஓட்டை விழுந்த குடல் இடம் தராது.