கானகப் புதிரை விடுவித்த கென்னத் ஆண்டர்சன்

பொது அறிவுக் குறுக்கெழுத்துப் போட்டிகளில் விலங்குகள், ஊர்கள், நூல்கள் பற்றிய குறிப்புகள் அடிக்கடி இடம்பெறும். இமயமலை அடிவாரத்து ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி எழுதியவர் யார் என்று கேட்டால், ஜிம் கார்பெட் என்று உடனே கட்டங்களை நிரப்பிவிடுவோம். ஆனால் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளை உலகறியச் செய்தவர் யார் என்று கேட்டால், அக்காடுகளின் அருகிலேயே வாழும் நம்மில் பலர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவோம். அவர்தாம் கென்னத் ஆண்டர்சன்.

பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றில், 1910ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் ஆண்டர்சன் பிறந்தார். பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியில் பயின்றார். சட்டம் படிக்க எடின்பரோவுக்குச் சென்றவர், மனம் ஒன்றாமல் பாதியிலேயே தாயகம் திரும்பினார். அஞ்சல் தந்தித் துறையிலும், பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையிலும் பணியாற்றினார். தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசினார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம், அந்நாளில் சேலம் மாவட்டத்தில் இருந்த நம் காடுகளை நாடி வந்தார்.

குறுக்கெழுத்தில் ஒரு குறிப்பை மட்டும் நம்ப முடியாது. இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் எழுத்துகள் பொருந்தினால்தான் விடை உறுதியாகும். ஆண்டர்சன் காட்டைப் படித்த முறையும் இத்தகையதே. மண்ணில் பதிந்த காலடித் தடம், கடமானும் மந்தியும் எழுப்பும் எச்சரிக்கைக் குரல், இரை கிடந்த இடம், கிராமத்தார் கூறிய செய்தி ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே அவர் முடிவுக்கு வந்தார். பைரா என்னும் பூசாரி போன்ற காட்டுவாசிகளிடம் பாடம் கேட்க அவர் தயங்கியதே இல்லை.

1939 முதல் 1966 வரை 7 ஆட்கொல்லிப் புலிகளையும் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் சுட்டார் என்பது அவர் பெயரில் உள்ள கணக்கு. அவரது முதல் வேட்டை நூல் 1954இல் வெளிவந்தது. தேன்கனிக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த சிவனப்பள்ளியின் கருஞ்சிறுத்தை, 1959இல் வெளிவந்த நூலுக்குத் தலைப்பே ஆயிற்று.

விலங்குகளைச் சுட்டவரைப் போற்றலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் புலி ஏன் மனிதனைத் தின்னத் தொடங்குகிறது என்ற புதிருக்கும் அவரே விடை தேடினார். இயல்பான இரையைப் பிடிக்க இயலாதவாறு அதனை முடமாக்கியது, பல வேளைகளில், மனிதனின் துப்பாக்கிக் காயமே என்று கண்டு எழுதினார். பிற்காலத்தில் துப்பாக்கியைவிடப் புகைப்படக் கருவியையே பெரிதும் விரும்பினார். 1974ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் பெங்களூரில் காலமானார்.

அவர் நடந்த காடுகளின் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று ஓசூரில் ஆலைச் சங்கு ஒலிக்கிறது. சற்றுத் தொலைவில் யானைக் கூட்டம் வழக்கமான தடம் தேடி நம் வயல்களில் இறங்குகிறது. வழிமாறியது யானையா, நாமா? மாணவ நண்பர்களே, இக்கேள்விக்கு விடை காணப் பெயர்களை மனப்பாடம் செய்தால் போதாது. ஆண்டர்சனைப் போல் நாமும் நம் காட்டின் குறிப்புகளைப் படிக்கப் பழக வேண்டும்.