கலாயோகி ஆனந்த குமாரசுவாமி: தேடியதும் கொடுத்ததும்

நம் சங்கத்தின் நூற்றாண்டு மலரில் கொழும்பு மண்ணில் பிறந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கை இடம்பெற வேண்டும் என்று முடிவானபோது நாம் நெடுநேரம் யோசிக்கவில்லை. கிறீன் பாத் என்று நம்மில் மூத்தவர்கள் சொல்லிப் பழகிய வீதி இன்று ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. அவ்வழியே எத்தனையோ தடவை பஸ்ஸில் போய்வந்தும், பெயர்ப்பலகையிலுள்ளவர் யார் என்று கேட்டால் விழிப்பவர்கள் நம்மிடையே அநேகர்.

அன்னார் 1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொள்ளுப்பிட்டியிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, சட்டசபை உறுப்பினர். இந்து ஒருவர் இங்கிலாந்தில் பாரிஸ்டராவது அவரோடுதான் தொடங்கியது. தாயார் எலிசபெத் கிளே பீபி, கென்ற் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலப் பெண்மணி. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் முத்துக்குமாரசுவாமியின் சகோதரி செல்லாச்சியின் பிள்ளைகள். ஆகவே ஆனந்தருக்கு மைத்துனர் முறையானவர்கள். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னே, 1879இல், தந்தையார் காலமானார். பிள்ளை தாயோடு இங்கிலாந்திலேயே வளர்ந்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியலும் புவியியற் பாறை ஆய்வும் கற்று முதல் வகுப்பில் தேறினார்.

1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் பணிப்பாளராகத் தாய்நாடு வந்தார். தோரியனைற் என்னும் கனிப்பொருளைக் கண்டுபிடித்தவர் அவரே. அத்துடன் நின்றிருந்தால் இன்று பாறை ஆய்வாளர்களுக்கு மட்டுமே தெரிந்த பெயராக இருந்திருக்கும். கல்லைத் தேடிக் கண்டிச் சீமைக் கிராமங்களில் அலைந்தவரின் கண்ணில் பட்டவர்கள் கம்மாளர், தட்டார், குயவர், பாய் பின்னுவோர், விகாரைச் சுவரில் சித்திரம் தீட்டுவோர். அரசன் இருந்தவரை இவர்களுக்குத் தொழிலுக்கு ஈடாக மானிய நிலம் இருந்தது. 1815இல் இராச்சியம் போயிற்று. ஆதரவும் சிறுகச் சிறுகப் போயிற்று. கைத்திறன் உள்ள கடைசித் தலைமுறையோடு அனைத்தும் மறைந்துவிடும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

இங்கே அவருடைய முதல் மனைவி எதெலைப் பற்றிச் சொல்லாமல் நாம் மேலே செல்ல மாட்டோம். ஆண்கள் எழுதும் சரிதைகளில் இவருக்கு ஒரு வரியே கிடைக்கும். எதெல் பார்ட்ரிட்ஜ் பிறந்தது டெவன் மாவட்டத்தில். ஹொனிற்றன் ரேந்தைக்குப் பெயர்போன மாவட்டம் அது. சிறு கட்டைகளில் நூலைச் சுற்றி, தலையணைமேல் ஊசி குத்தி, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் அந்த வேலையை நம் நாட்டில் காலி, வெலிகமப் பெண்களும் செய்கிறார்கள். கட்டையை அவர்கள் பீரலு என்பார்கள். கணவரோடு கிராமங்களுக்குச் சென்ற எதெல் கண்டிப் பெண்களின் தையல் வேலையைக் கூர்ந்து பார்த்தார். சிவப்பும் நீலமுமான நூலால் சங்கிலித் தையல் போட்ட வெற்றிலைப் பைகள் இன்று நூதனசாலைக் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அன்று அவை வீட்டுப் பாவனைப் பொருள்கள். குறிப்பெழுதியதோடு அவர் நிற்கவில்லை. கணவரின் நூலுக்கான புகைப்படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவரும் அவரே. கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த காலம் அது. கமராவைத் தூக்கிக்கொண்டு மலைநாட்டுப் பாதையில் நடப்பது லேசான வேலையல்ல.

1905இல் இரவல் இறகுகள் என்று பொருள்படும் தலைப்பில் ஆனந்தர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். நம்மவர் தம் உடையைக் கைவிட்டு ஐரோப்பிய உடைக்கு மாறுவதைக் கண்டு மனம் நொந்து எழுதியது. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்து, பாடசாலைகளில் தாய்மொழி கற்பிக்கப்பட வேண்டும் என்றும் வாதாடினார். அவர் சொன்னதெல்லாம் நமக்கு உடன்பாடு என்றில்லை. கவுண் அணிந்து படித்ததால் நம் பாட்டிமார் எவரும் தமிழச்சி அல்லாமற் போய்விடவில்லை. ஆனால் தையல் வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்து ரோசாப்பூவையே வருடக்கணக்காகத் தைத்த நமக்கு, அவர் கேள்வி இன்னும் உறைக்கத்தான் செய்கிறது.

இங்கிலாந்து திரும்பிய தம்பதியர் புறோட் கம்டன் என்ற சிற்றூரில் நோர்மன் சப்பல் என்னும் பழைய கட்டடத்தில் குடியிருந்தனர். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறி அங்கே கைக்கு வந்தது. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அதில் கையால் அச்சாயிற்று. வேலை 1907 செப்ரெம்பரில் தொடங்கி 1908 டிசெம்பரில் முடிந்தது. மொத்தம் 425 பிரதிகளே. ஒரு தமிழ்த் தகப்பனின் மகன் சிங்களக் கைவினைஞருக்காகச் செய்த இந்தக் காரியத்தை நம் நாட்டில் இரு தரப்பாரும் அடிக்கடி நினைவுகூருவது நல்லது.

பின்னர் அவர் கவனம் இந்தியாவின் பக்கம் திரும்பியது. ராஜபுத்திர ஓவியங்களை ஊர் ஊராகச் சென்று சேகரித்தார். அவற்றுக்கு அந்நாளில் மதிப்பில்லை. சேர்த்ததையெல்லாம் இந்தியாவுக்கே கொடுத்துவிட அவர் முன்வந்தார். தேசிய நூதனசாலை ஒன்று அமைக்கப்பட்டால் போதும் என்றார். பணம் திரளவில்லை, எவரும் முன்வரவில்லை. 1917இல் சேகரிப்பு அமெரிக்காவுக்குப் போயிற்று. டென்மன் றொஸ் என்ற செல்வந்தர் அதை வாங்கி பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குக் கொடுக்க, ஆனந்தரும் அங்கேயே இந்தியக் கலைப் பகுதியின் பொறுப்பாளரானார். நம் சொத்து பிறநாட்டுக்குப் போயிற்றே என்று வருந்துவோர் உண்டு. நமக்கும் வருத்தமே. ஆனால் குற்றம் கொடுத்தவரிடம் இல்லை, கேட்டும் வாங்காதவர்களிடம்தான்.

முப்பது ஆண்டுகள் அங்கிருந்தபடியே சிவநடனம் பற்றிய கட்டுரைகளையும் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றையும் எழுதினார். 1948இல் பதவியை விட்டு இமயமலை அடிவாரத்தில் ஒதுங்கி வாழும் எண்ணம் இருந்தது. எழுபதாவது பிறந்தநாள் கழிந்து மூன்று வாரத்துக்குள், 1947 செப்ரெம்பர் 9ஆம் திகதி காலமானார்.

அவர் நான்கு முறை மணம் செய்தவர். இதை மறைத்து எழுதுவோரும் உளர், நாம் மறைக்கவில்லை. எதெலோடு இல்லறம் நிலைக்கவில்லை. ஆனால் எதெல் பின்னாளில் எதெல் மேறே என்ற பெயரில் இங்கிலாந்தின் கைத்தறி நெசவுக்கே தாயாக விளங்கினார். தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் நூல் எழுதினார். டிச்சிலிங் கிராமத்துப் பட்டறையில் இளம் பெண்களைச் சேர்த்து நூற்கவும் சாயமிடவும் நெய்யவும் பழக்கினார். கடைசி மனைவி டோனா லூயிசாவோ, கணவர் விட்டுச்சென்ற கட்டுரைகளையும் கடிதங்களையும் ஒழுங்குபடுத்துவதிலேயே தம் விதவைக் காலத்தைச் செலவிட்டார். மலேசியாவில் ஆசிரியராக இருந்த நம்மவர் துரைராஜசிங்கம் பல தசாப்தங்களாக ஆனந்தர் பற்றிய ஒவ்வொரு துண்டுக் குறிப்பையும் தேடிச் சேர்த்து, சொந்தச் செலவில் அச்சிட்டு வந்தார். பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக அச்சகம் 1977இல் தேர்ந்த கட்டுரைகளையும் சரிதையையும் மூன்று பாகங்களாக வெளியிட்டது.

425 பிரதிகளாக வந்த அந்த முதற் பெருநூலும் 1956இல் நியூயோர்க்கில் மறுபதிப்புக் கண்டது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம் சகோதரிகள் பொஸ்டன் பக்கம் போக நேர்ந்தால், ஹண்டிங்டன் அவெனியூவிலுள்ள நூதனசாலையில் அரை நாளாவது செலவிடுங்கள். கொள்ளுப்பிட்டிப் பிள்ளை சுமந்து சென்ற ஓவியங்களை அங்கே கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.