பறவைக்கும் ஊர் உண்டு
(பிலிப் லட்லி ஸ்கிளேட்டர் – வாழ்வும் பணியும்)

நுழையும்முன்

ஒரு பறவையின் நிறத்தையும் பெயரையும் அறிந்துகொண்டால் அப்பறவையை முழுமையாக அறிந்தவர் ஆவோமா? அஃது எந்நிலத்தில் வாழ்கிறது, ஏன் அந்நிலத்தில் வாழ்கிறது என்னும் வினாக்கள் எழும்போதுதான் அறிவின் அடுத்த வாயில் திறக்கிறது. அவ்வினாக்களை வாழ்நாள் முழுவதும் எழுப்பியவர் ஸ்கிளேட்டர். 'இலெமூரியா' என்னும் பெயரைப் படைத்தவராகவே தமிழுலகம் அவரை அறியும். ஆயினும், அவர் ஆய்வு வேரூன்றியது தென் அமெரிக்கக் காடுகளின் வண்ணப் பறவைகளில்தான்.

சட்டமும் பறவையும்

ஸ்கிளேட்டர் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் 1829ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றபோது ஹியூ ஸ்டிரிக்லாண்ட் என்னும் இயற்கையியலாளரின் வழிகாட்டுதலில் பறவையியல் கற்றார். பின்னர்ச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். வழக்கறிஞர் பணி தொடர்ந்தபோதும் அவர் உள்ளம் பறவைகளையே நாடியது.

அக்காலத்தில் பாடம் செய்யப்பட்ட பறவை உடல்கள் தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவிற்குக் கப்பலில் வந்தன. கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவின் வழியாக வந்தவை மிகுதி. உயர்மலைப் பறவையாயினும் தாழ்நிலப் பறவையாயினும் அனைத்திற்கும் பொகோட்டா என்னும் ஒரே ஊர்ப்பெயர் வழங்கப்பட்டது. வணிகருக்கு இறகின் அழகு போதுமானதாக இருந்தது. ஸ்கிளேட்டருக்கு அது போதவில்லை. ஊர் அறியப்படாத பறவை, பாதி மட்டுமே அறியப்பட்ட பறவை என அவர் கருதினார்.

வண்ணங்களின் பேரினம்

அவர் தேர்ந்தெடுத்தது, டனேஜர் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம். அதனை அவர் காலிஸ்டே எனக் குறித்தார். இன்று அது தங்காரா என வழங்கப்படுகிறது. சிட்டுக்குருவியை ஒத்த சிற்றுருவம் கொண்ட இவை, பாடும் பறவைகளின் வரிசையில் வைக்கப்படுபவை. ஆயினும், இவற்றின் புகழுக்குக் குரலினும் நிறமே காரணம். சொர்க்க டனேஜரின் தலை இளம்பச்சை, வயிறு நீலம், முதுகு கருமை. பொன் டனேஜர் மஞ்சள் ஒளி வீசும். பிரேசிலின் வடகிழக்குக் காடுகளில் வாழும் ஓர் இனம் ஏழு வண்ண டனேஜர் என்றே பெயர் பெற்றது.

இப்பேரினத்தைப் பற்றி ஸ்கிளேட்டர் எழுதிய நூல் 1857–58ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. கையால் வண்ணம் தீட்டிய 45 படங்கள் அதில் இடம்பெற்றன. அன்றுவரை அறியப்பட்ட இனங்களை அது ஒருங்கே தொகுத்தது.

இத்துணை இனங்கள் ஒரே பேரினத்தில் எவ்வாறு நிலைபெற்றன? ஆண்டீஸ் மலைச்சரிவில் உயரம் மாற மாறத் தட்பவெப்பமும் மரஞ்செடிகளும் மாறுகின்றன. அவற்றிற்கேற்பப் பறவையினங்களும் மாறுகின்றன. ஒரே மரத்தில் பல இனங்கள் கூடிக் கனி உண்பதும் உண்டு. ஆனால், பூச்சி தேடும்போது அவை வழி பிரிகின்றன. ஓரினம் பாசி படர்ந்த கிளையின் அடிப்புறத்தைக் குனிந்து நோக்கும். மற்றோரினம் இலைகளிடையே தேடும். வேறோரினம் பாசியற்ற கிளைகளை நாடும். இவ்வுண்மைகளைக் காட்டிலே கண்டு விளக்கியவர்கள் பிற்கால ஆய்வாளர்கள்.

உலகை ஆறாகப் பகுத்தவர்

ஒரு பேரினத்தின் ஊரைத் தேடியவர், உலகப் பறவைகள் அனைத்தின் ஊரையும் தேட முற்பட்டார். 1858இல் வெளிவந்த கட்டுரையில், பறவைகளின் பரவலைக் கொண்டு நிலவுலகை ஆறு பெரும்பகுதிகளாகப் பகுத்தார். நாடுகளின் எல்லைகளை விடுத்து உயிர்களின் எல்லைகளை அவர் வரைந்தார். தென் அமெரிக்காவை உள்ளடக்கிய பகுதியே பறவையினங்கள் மிக்கது என மதிப்பிட்டார்.

ஒவ்வோர் இனமும் தான் வாழும் நிலத்திலேயே படைக்கப்பட்டது என்பது அப்போது அவர் கொண்டிருந்த கருத்து. டார்வின், வாலஸ் ஆகியோரின் பரிணாமக் கொள்கை அக்கருத்தை மாற்றியது. எனினும், 1876இல் விலங்குகளின் பரவலைப் பற்றி எழுதிய வாலஸ், ஸ்கிளேட்டரின் ஆறு பகுதிகளையே அடிப்படையாகக் கொண்டார். விளக்கம் வீழ்ந்தபோதும் உற்றுநோக்கிப் பெற்ற உண்மை நிலைத்தது.

இலெமூரியா

1864இல் மடகாஸ்கர் தீவின் பாலூட்டிகளைப் பற்றி அவர் எழுதினார். அத்தீவில் வாழும் இலெமூர்களின் உறவினமாகிய தேவாங்கு, கடல் கடந்த இந்தியாவிலும் வாழ்வது அவரை வியக்க வைத்தது. இவ்விரு நிலங்களையும் முற்காலத்தில் இணைத்திருந்த ஒரு பெருநிலம் பின்னர்ச் சிதைந்திருக்கலாம் எனக் கருதி, அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். விலங்குகளின் பரவலை விளக்குவதே அவர் நோக்கம். மனித வரலாறு அதில் இடம்பெறவில்லை. கடல்கோள் பற்றிய இலக்கியச் செய்திகளோடும் குமரிக்கண்டத்தோடும் அப்பெயரைப் பின்னாளில் இணைத்தவர்கள் தமிழறிஞர்கள்.

கண்டங்கள் நகர்கின்றன என்னும் உண்மை இருபதாம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை என அறியப்பட்டது. எனவே, மூழ்கிய கண்டம் என்னும் விளக்கத்தை அறிவியல் கைவிட்டது. ஆனால், தொலைவில் உள்ள நிலங்களின் உயிர்கள் எவ்வாறு உறவாயின என்னும் அவர் வினா இன்றும் ஆராயப்படுகிறது.

நிலைத்த பணி

ஸ்கிளேட்டர் 1860 முதல் 1902 வரை இலண்டன் விலங்கியல் கழகத்தின் செயலராக விளங்கினார். 1859இல் தொடங்கப்பெற்ற ஐபிஸ் என்னும் பறவையியல் இதழின் முதல் ஆசிரியர் அவரே. அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது. தாம் திரட்டிய ஏறத்தாழ 9000 பறவை உடல்களைப் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு அளித்தார். 1913ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் மறைந்தார்.

காலிஸ்டே என்னும் பெயர் வழக்கொழிந்தது. ஏறத்தாழ ஐம்பது இனங்களைக் கொண்டிருந்த தங்காரா பேரினமும் மரபணு ஆய்வுகளுக்குப் பின் பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது. ஏழு வண்ண டனேஜரோ காடழிப்பாலும் கூண்டுப் பறவை வணிகத்தாலும் அருகிவருகிறது. பெயர்களை ஏட்டில் மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஊரை இழந்த பறவைக்கு மற்றோர் ஊரை நம்மால் எழுதித்தர இயலாது.

தெரியுமா?

சொர்க்க டனேஜரின் அறிவியல் பெயர் 'தங்காரா சிலென்சிஸ்'. சிலென்சிஸ் என்பதற்குச் சிலி நாட்டைச் சார்ந்தது என்று பொருள். ஆனால், அப்பறவை சிலி நாட்டில் வாழ்வதில்லை. ஊரைப் பிழையாக அறிந்ததால் நேர்ந்த பெயர், பெயரிடல் விதிகளின்படி இன்றும் மாறாமல் வழங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காணப்படும் ஐந்து பறவைகளின் பெயர், கண்ட இடம், நாள், உண்ணும் உணவு ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.
2. உற்றுநோக்கிப் பெற்ற உண்மைக்கும் அதற்குக் கூறப்படும் விளக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஸ்கிளேட்டரின் பணிகளைக் கொண்டு கலந்துரையாடுக.