வானொலிக் குருவானவர்



வரிவிலக்குப் பெற்ற ஒரு திருச்சபை அரசியலில் இறங்கலாமா? ஐக்கிய அமெரிக்காவில் இக்கேள்வி பல்லாண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது. அங்கே ஆலயங்கள் தமக்குக் கிடைக்கும் காணிக்கைக்கு வருமான வரி செலுத்துவதில்லை. காணிக்கை கொடுப்பவரும் அத்தொகையைத் தமது வரிக் கணக்கிற் கழித்துக்கொள்ள இடமுண்டு. நாட்டு மக்கள் அனைவரும் சேர்ந்து விட்டுக்கொடுக்கும் சலுகை இது. அப்படியிருக்க, அதே ஆலயத்தின் பிரசங்க மேடையிலிருந்து ஒரு வேட்பாளருக்கு வாக்குக் கேட்பது தகுமா?

சட்டப் புத்தகங்களைப் புரட்டுவதிலும் பார்க்க, ஒரு குருவானவரின் வாழ்க்கையைப் பார்ப்பது நமக்குத் தெளிவைத் தரும். அவர்தான் ‘வானொலிக் குரு’ எனப் பெயர்பெற்ற சார்ள்ஸ் கொக்லின் அடிகளார்.

கனடாவின் ஹமில்ரன் நகரில், அயர்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த பக்தியுள்ள குடும்பத்தில், 1891ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25ஆம் நாள் அவர் பிறந்தார். பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளரின் உரிமைகள் பற்றிய புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 1916இல் குருப்பட்டம் பெற்ற அடிகளார் சில ஆண்டுகள் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றினார். 1923இல் அமெரிக்காவின் டெற்றோயிற் மறைமாவட்டத்திற் சேர்ந்தார். 1926இல் ஆயர் மைக்கல் கலகர் அவரை றோயல் ஓக் என்னும் புறநகருக்கு அனுப்பி, அதற்கு முந்திய ஆண்டிற் புனிதராக உயர்த்தப்பட்ட சிறுமலர் தெரேசம்மாளின் பெயரில் ஆலயமொன்று எழுப்பும்படி பணித்தார்.

அங்கு கத்தோலிக்கக் குடும்பங்கள் மிகச் சிலவே. கத்தோலிக்கரைப் பகைத்த கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தினர் ஆலய வளவில் சிலுவையொன்றை நாட்டித் தீ மூட்டினார்கள். கடனோ கழுத்தை நெரித்தது. இந்நிலையிலே, 1926 ஒக்ரோபரில், உள்ளூர் வானொலி நிலையமொன்றின் மூலம் மறையுரை வழங்கத் தொடங்கினார். முதலில் சிறுவருக்கான ஞானோபதேசம். அதனோடு எளிய மறை விளக்கம். இனிமையான குரல்வளம் அவருக்கு இயற்கையாய் அமைந்திருந்தது. கேட்டவர்கள் கடிதம் எழுதினார்கள். கடிதத்தோடு காணிக்கையும் அனுப்பினார்கள்.

1929இல் அமெரிக்காவின் பங்குச் சந்தை சரிந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, மோட்டார் தொழிலை நம்பியிருந்த டெற்றோயிற்றில் வேலையற்றோர் கூட்டம் பெருகியது. அடிகளாரின் உரையும் பொருளாதாரத்தின் பக்கம் திரும்பியது. நீதியான கூலி, தொழிலாளர் சங்க உரிமை, பணத்தை முடக்கி வைப்போரின் பேராசை ஆகியன பற்றி அவர் பேசினார். வாசகரே, இதில் தவறேதும் இல்லை. பாப்பரசர்களின் போதனையைச் சாதாரண வேலையாளின் வீட்டுக் குசினி வரை கொண்டுபோன பெருமை அவருக்குண்டு. 1931இல் பெரிய வானொலி நிறுவனமொன்று அவரது ஒலிபரப்பை நிறுத்தியபோது, நேயர்களின் நன்கொடையைக் கொண்டு தாமே பல நிலையங்களை ஒன்றிணைத்தார். அவரது உரையைக் கேட்டோர் தொகை 3 கோடி வரை இருக்கலாமென மதிப்பிடப்பட்டது.

இங்கேதான் பாதை திரும்புகிறது. 1932ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் பிராங்ளின் றூஸ்வெல்ற்றை ஆதரித்தார். றூஸ்வெல்ற்றின் திட்டம் கிறிஸ்துவின் திட்டமே என்று சொல்லுமளவுக்குப் போனார். ஒரு மனிதனின் அரசியல் திட்டத்துக்கு ஆண்டவரின் பெயரைச் சூட்டியாயிற்று. அத்திட்டம் தமக்குப் பிடிக்காமற் போனால் ஆண்டவரின் பெயரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வெள்ளியை நாணயத்துக்கு ஆதாரமாக்க வேண்டுமென்று அவர் வானொலியில் ஓயாது வாதாடி வந்தார். 1934இல் அமெரிக்கத் திறைசேரி வெள்ளி வைத்திருப்போரின் பட்டியலை வெளியிட்டது. அடிகளாரின் ஒலிபரப்புப் பணிக்கென அமைக்கப்பட்ட சிறுமலர் வானொலிச் சங்கத்தின் பணத்தில், அவருடைய செயலாளரின் பெயரில், 5 இலட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கப்பட்டிருந்தமை அம்பலமாகியது. வெள்ளியின் விலை ஏறினால் சங்கத்துக்கு இலாபம். கேட்போரின் காணிக்கையும் பேசுவோரின் அரசியலும் ஒரே பெட்டியிற் கலந்துவிட்டால் நேர்வது இதுதான்.

அதே ஆண்டிலே சமூக நீதிக்கான தேசிய ஒன்றியம் என்ற அமைப்பை அவர் நிறுவினார். 1935 ஜனவரியில், சர்வதேச நீதிமன்றத்தில் அமெரிக்கா சேரக்கூடாதென அவர் விடுத்த அறைகூவலைக் கேட்டு, செனற் சபைக்குத் தந்திகள் வெள்ளமாய்ப் பாய்ந்தன. ஆதரவாக 52 வாக்கும் எதிராக 36 வாக்கும் கிடைத்தன. மூன்றில் இரண்டு பங்கு கிட்டாமையால் அத்தீர்மானம் தோற்றது.

1936இல் றூஸ்வெல்ற்றுக்கு எதிராக வில்லியம் லெம்கி என்பவரை நிறுத்திய புதிய கட்சிக்கு அடிகளார் முதுகெலும்பானார். கூட்டமொன்றிலே தமது குருத்துவக் கழுத்துப் பட்டியைக் கழற்றி எறிந்து, ஜனாதிபதியைப் பொய்யர் என்று ஏசினார்; பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அக்கால கத்தோலிக்க சமூகப் போதனையின் பேரறிஞரான ஜோன் றையன் அடிகளார் வானொலியில் றூஸ்வெல்ற்றின் சார்பாய்ப் பேசினார். ஒரே பீடத்திற் பலி ஒப்புக்கொடுக்கும் இரு குருக்கள், இரு கட்சிகளுக்காக எதிரெதிரே நின்றார்கள். சாதாரண விசுவாசி யாருடைய குரலைத் திருச்சபையின் குரல் என்று எடுப்பது?

90 இலட்சம் வாக்குக் கிடைக்காவிடில் வானொலியை விட்டு விலகுவதாக அவர் சூளுரைத்திருந்தார். லெம்கிக்குக் கிடைத்தவை 9 இலட்சத்துக்கும் குறைவு. றூஸ்வெல்ற்றோ 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். அடிகளார் விலகினார், ஆனால் சில மாதங்களுக்குள் திரும்பி வந்தார்.

திரும்பி வந்த குரலிற் கசப்பு ஊறியிருந்தது. 1938இல், யூதர் உலகை ஆளச் சதி செய்கிறார்கள் என்று கூறும் போலி ஆவணத்தைத் தமது ‘சமூக நீதி’ வார இதழில் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பர் 9, 10ஆம் நாட்களில் ஜேர்மனியில் யூதரின் செபக்கூடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன. பத்து நாட்களின் பின் அவர் வானொலியிற் பேசியபோது, பாதிக்கப்பட்டோருக்காக அழவில்லை. கம்யூனிசத்துக்கு யூதரே காரணர் என்றும், நாஸிகளின் செயல் அதற்கெதிரான தற்காப்பு என்றும் விளக்கம் சொன்னார். சிலுவை எரிப்பின் வேதனையைத் தமது வளவிலே கண்ட அதே குருவானவர்! சிக்காகோவின் கர்தினால் மண்டலைன், அடிகளார் திருச்சபையின் பெயராற் பேச அதிகாரம் பெற்றவரல்லர் என அறிக்கை விட்டார். எனினும் கேட்டவர்கள் காதில் விழுந்தது குருவின் குரலே.

ஒலிபரப்பாளர் சங்கம் விதித்த புதிய ஒழுங்குகளால் 1940இல் அவரது வானொலி ஓய்ந்தது. 1942இல், அமெரிக்கா போரில் இறங்கிய பின், அரசாங்கம் அவரது இதழுக்கான தபால் சலுகையை நீக்கியது. ஆனால் குருவானவரை நீதிமன்றில் நிறுத்த விரும்பாது டெற்றோயிற் பேராயர் எட்வேட் மூனியை நாடியது. பேராயர் அவரை அழைத்து, அரசியலை விடும்படி கட்டளையிட்டார். அடிகளார் கீழ்ப்படிந்தார். 1966 வரை அதே பங்கின் தந்தையாய்ப் பணியாற்றி, 1979 ஒக்ரோபர் 27இல் தமது 88ஆவது வயதிற் காலமானார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கொக்லின் அடிகளாரின் காலத்தில், வரிவிலக்குள்ள அமைப்பு வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் இருக்கவில்லை. 1954இல் செனற்றர் லிண்டன் ஜோன்சன் கொண்டுவந்த திருத்தமே அத்தடையை விதித்தது. 1992இல் நியூயோர்க் மாநிலத்து ஆலயமொன்று பில் கிளின்ரனுக்கு எதிராகப் பத்திரிகை விளம்பரம் செய்து, அதற்கு நன்கொடையும் கேட்டது. 1995இல் அதன் வரிவிலக்கு நீக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைச் சரியெனத் தீர்த்தது. ஆனால் 2025 ஜூலையில், வழிபாட்டின்போது தன் சபையோருக்கு வேட்பாளர் பற்றிப் பேசுவது அத்தடையுள் அடங்காதென அமெரிக்க இறைவரித் திணைக்களமே நீதிமன்றொன்றிற் கூறியது. அதைக் கேட்டும் அமெரிக்க ஆயர் பேரவை, கத்தோலிக்கத் திருச்சபை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ போவதில்லை என்று அறிவித்தது.

ஏனெனில் எமக்கு இந்த வேலி வரிச் சட்டத்தால் வந்ததன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் கட்டுண்டதன்று எனவும், மனித உரிமையும் ஆன்ம ஈடேற்றமும் வேண்டும்போது அரசியல் விடயங்களிலும் தீர்ப்புக் கூறும் உரிமை அதற்குண்டு எனவும் ஒருங்கே போதித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், அதிகாரிகளின் தீர்ப்பில் பொது நலன் தேவைப்படுத்தினாலன்றி, குருக்கள் கட்சிகளில் முனைந்து ஈடுபடலாகாது என்கிறது.

ஆகவே வாசகரே, ஏழையின் கூலியைப் பற்றி, அகதியைப் பற்றி, அநீதியைப் பற்றிப் பிரசங்க மேடையிற் பேசினால், அது அரசியல் என்று முகஞ்சுளிக்காதீர்கள், அமைதியாய்க் கேளுங்கள். அதைப் பேசாத மேடைக்கு வரிவிலக்கு மட்டும் எதற்கு? ஆனால் அதே மேடையில் ஒரு கட்சியின் பெயரோ வேட்பாளரின் பெயரோ ஒலிக்குமானால், உங்கள் காணிக்கை எங்கே போகிறதென்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. உங்கள் ஆயருக்குத் தெரிவிக்கும் கடமையுமுண்டு. றோயல் ஓக்கில் அதைச் சொல்ல மேலிடத்திலிருந்து ஒருவர் வருவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டுகளிலே விதைக்கப்பட்ட பகையை ஒரு கட்டளையால் திரும்பப் பெற முடியவில்லை.